துணிப் புத்தகத்தில் ஒரு கிறிஸ்துமஸ் பக்கம்

எங்கள் பக்கவாதச் சிகிச்சைப் பிரிவின் வாயிலில், செவிலியர் மேசைக்கு அருகில், துணியால் ஆன ஒரு பெரிய புத்தகம் இருப்பதை நம் மருத்துவமனைக்கு வந்துபோகும் பலர் கண்டிருப்பீர்கள். பக்கங்கள் ஓரடிச் சதுரமான காடாத் துணி. இடது ஓரத்தில் மூன்று காஜாத் துளைகள். அவற்றில் நாடாவைக் கோத்துக் கட்டியிருக்கிறோம். பொங்கல் பக்கத்தில் பச்சை நாடாவால் ஆன கரும்பு நிற்கிறது. ரமலான் பக்கத்தில் வெள்ளிச் சரிகைப் பிறை. தீபாவளிப் பக்கத்தைத் தைத்தவர் மத்தாப்பைச் செய்வதற்குள் வீடு திரும்பிவிட்டார். அதில் கம்பி மட்டும் இருக்கிறது. தைப்பவர்கள் எல்லாரும் உள்நோயாளிகள், அவர்களுக்குத் துணையாக இருப்போர். எவருக்கும் கட்டாயமில்லை.

அப்புத்தகத்தின் கிறிஸ்துமஸ் பக்கம் சென்ற ஆண்டு உருவான கதையை இவ்விதழுக்கு எழுதுகிறேன். அக்கதையில் என் தவறு ஒன்றும் உண்டு. நோயாளியைக் கவனித்துக்கொள்ளும் குடும்பத்தார்க்கு அது பயன்படும் என்பதால் மறைக்காமல் சொல்கிறேன். சம்பந்தப்பட்டோரின் இசைவைப் பெற்றே எழுதுகிறேன். அடையாளம் காட்டக்கூடிய செய்திகளை மாற்றியிருக்கிறேன்.

பலர் கூடி ஆளுக்கொரு துண்டு தைத்து ஒன்றாக இணைப்பது புதிய வழக்கமன்று. மேலைநாடுகளில் துணிக்கலை ஆர்வலர்கள் ஒவ்வொருவரும் ஒரு பக்கம் தைத்து, அதை அஞ்சலில் சுற்றுக்கு விட்டுப் புத்தகமாகக் கட்டுகிறார்கள். எய்ட்ஸ் நோயால் இறந்தோரின் நினைவாக அமெரிக்காவில் தொடங்கிய பெருவிரிப்பு 1987ஆம் ஆண்டு அக்டோபரில் வாஷிங்டன் நகரில் முதன்முதலாக விரிக்கப்பட்டபோது அதில் 1,920 துண்டுகள் இருந்தன. ஒவ்வொன்றும் மூன்றடிக்கு ஆறடி, ஏறத்தாழ ஒரு கல்லறையின் அளவு. எனினும் மருத்துவமனையில் பணிபுரியும் எனக்கு மிக நெருக்கமாகத் தோன்றுவது இதற்கும் முந்தைய ஒன்று.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியப் படையிடம் வீழ்ந்தது. அங்கிருந்த ஐரோப்பியக் குடிமக்கள் சாங்கிச் சிறையில் அடைக்கப்பட்டனர். ஆண்கள் ஒரு புறம். பெண்களும் குழந்தைகளும் மறுபுறம். படைவீரர்கள் வேறு முகாமில் இருந்தனர். கணவர் உயிரோடு இருக்கிறாரா என்று மனைவிக்குத் தெரியாது. மனைவி எங்கே என்று கணவருக்குத் தெரியாது. அப்போது கைதிகளில் ஒருவரான எதெல் மல்வானி என்னும் கனடா நாட்டுப் பெண்மணி ஒரு வழி கண்டார். காயமுற்றோருக்காக விரிப்புத் தைக்கிறோம் என்று சொல்லிப் பெண்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு சதுரத் துணி தந்தார். அதில் தம்மைப் பற்றிய ஏதேனும் ஒன்றைத் தைத்துப் பெயரையும் பொறிக்க வேண்டும் என்பதே ஏற்பாடு. சதுரங்களை இணைத்து மூன்று விரிப்புகள் ஆயின. ஒன்றுக்கு 66 சதுரங்கள். ஒன்று பிரித்தானியருக்கு, ஒன்று ஆஸ்திரேலியருக்கு, மூன்றாவது ஜப்பானியக் காயக்காரர்களுக்கு. விரிப்பு மருத்துவமனைக்குப் போனால் அதன்மேல் உள்ள பெயர்களும் கூடவே போகும் அல்லவா? பூவும் வீடும் கப்பலும் தைத்த அந்தச் சதுரங்கள், 'நான் உயிரோடு இருக்கிறேன்' என்று சிறைச்சுவரைத் தாண்டிச் சொன்ன கடிதங்கள். தைத்தவரின் பெயரும் அவர் கைத்தையலும் மாறாமல் இருந்ததனால்தான் அவை கடிதம் ஆயின. வேறொருவர் 'அழகாக' மாற்றித் தைத்திருந்தால் அவை வெறும் விரிப்பாகவே இருந்திருக்கும்.

இனி நம் கதைக்கு வருகிறேன்.

சென்ற ஆண்டு நவம்பர் தொடக்கத்தில், சங்கராபுரம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து, அறுபதைத் தாண்டிய ஒரு தையற்காரரை அழைத்துவந்தார்கள். இரவு உணவின்போதே இடக்கை சோர்ந்து தொங்கியிருக்கிறது. 'தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்' என்று வீட்டார் விட்டுவிட்டனர். விடிந்தபின் வந்தார்கள். மூளையின் இரத்தக்குழாயை அடைக்கும் கட்டியைக் கரைக்கும் ஊசியை நோய் தொடங்கி நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அந்த நேரம் கடந்துவிட்டது. இவ்விதழைப் படிப்போர் இந்த ஒரு செய்தியை மட்டுமேனும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். திடீரென முகம் ஒருபுறம் கோணினால், கை ஒன்று தாழ்ந்தால், பேச்சுக் குழறினால், தூங்கி எழுந்து பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள். 108ஐ அழைத்துவிட்டு, அறிகுறி தொடங்கிய மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கும் அப்பால் உள்ள ஊர்களிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக இறங்கி வருவோருக்குப் பாதையிலேயே வெகுநேரம் போய்விடுகிறது. வீட்டிலும் நேரத்தை இழக்க இயலாது.

தையற்காரருக்கு அடைப்பு ஏற்பட்டிருந்தது வலப்புற மூளையில். ஆகவே இடக்கையும் இடக்காலும் தளர்ந்திருந்தன. வலக்கையில் குறையொன்றும் இல்லை, பேச்சும் தெளிவு. 'எனக்கு ஒண்ணும் இல்லை, டாக்டரய்யா. கடையில வேலை கிடக்குது' என்பதே அவர் நாள்தோறும் சொன்னது. உண்மையிலேயே கிடந்தது. இறையூர், விரியூர் போன்ற பழைய கத்தோலிக்க ஊர்கள் நம் மாவட்டத்தில் உண்டு. அத்தகைய ஊர்களில் ஆண்டின் முதன்மையான புத்தாடை கிறிஸ்துமசுக்கே. பிள்ளைகளின் கவுன்கள், பீடச் சிறுவர்களின் அங்கிகள், பாடற்குழுவினரின் ஒரே நிறச் சட்டைகள் என்று டிசம்பர் 24 இரவு வரை அவர் கடையில் விளக்கு எரியும் என்று மகள் சொன்னார். தமிழ்நாட்டில் கிறிஸ்தவத்துக்கும் ஊசிக்கும் உள்ள உறவு பழையது. 1820களில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் பள்ளிப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுத் தந்தார். அந்த வருவாய் சில பெண்களை அடிமைத் தளையிலிருந்து மீட்டது. எங்கள் தையற்காரர் இவ்வரலாற்றை அறிந்தவர் அல்லர். ஆனால் கோவில் பீடத் துணிக்கு விளிம்பு தைக்கும் வேலையை மட்டும் எவருக்கும் கூலிக்கு விடமாட்டாராம்.

'ஒண்ணும் இல்லை' என்று அவர் பிடிவாதம் பிடித்ததற்குக் காரணம் முரட்டுத்தனம் அன்று. அது நோயின் ஒரு கூறு. வலப்புற மூளை பாதிக்கப்பட்டோரில் கணிசமானோர்க்கு இடப்புறத்தைக் கவனிக்கும் திறன் குன்றிவிடுகிறது. கண் பார்க்கிறது, மனம் அப்பக்கம் திரும்புவதில்லை. இலையில் சோறு வைத்தால் வலப்பாதியை உண்டு முடித்துவிட்டு, 'ஊறுகாய் வைக்கவில்லையே' என்பார். இடது ஓரத்தில் உப்பும் ஊறுகாயும் வைத்தபடியே இருக்கும். வலக்கன்னத்தை மட்டும் மழித்துக்கொள்வார். இடப்புறம் நின்று அழைத்தால் வலப்புறம் திரும்பித் தேடுவார். பல குடும்பங்கள் இதைப் பார்வைக் குறை என்று எண்ணிக் கண்ணாடி வாங்கப் போகின்றன. 'வேண்டுமென்றே என்னைப் பார்க்க மறுக்கிறார்' என்று வருந்திய மனைவியரையும் கண்டிருக்கிறேன். இதனை இடப்புறப் புறக்கணிப்பு என்கிறோம்.

இதை அளக்க எளிய தேர்வு ஒன்று உண்டு. ஒரு தாளில் பெரிதும் சிறிதுமான நட்சத்திரங்களும் இடையிடையே எழுத்துகளும் சிதறிக் கிடக்கும். சிறிய நட்சத்திரங்களை மட்டும் தேடிக் கோடிட வேண்டும், அவை 54. எங்கள் தையற்காரர் 21 நட்சத்திரங்களுக்குக் கோடிட்டார். அனைத்தும் தாளின் வலப்பாதியில். பென்சிலை வைத்துவிட்டு, 'முடிஞ்சுது' என்றார்.

நவம்பர் இறுதியில், கைவேலை தெரிந்தவர் என்பதால், கிறிஸ்துமஸ் பக்கத்தை அவரிடமே ஒப்படைக்கலாம் என்று இயன்முறை மருத்துவர் கூறினார். அவர் முகத்தில் முதன்முதலாக ஒரு மலர்ச்சி தோன்றியது. எட்டு முனை நட்சத்திரமும் அதன்கீழ் குடிலும் வைக்கலாம் என்று முடிவாயிற்று. பனியும் பைன் மரமும் வேண்டா என்று அவரே சொல்லிவிட்டார். 'நம்ம ஊர்ல எங்கே பனிக்கட்டி? வாசல்ல நட்சத்திரம் கட்டுவோம், வைக்கோல்ல குடில் போடுவோம், அது போதும்.' நம்மூர்க் கிறிஸ்துமசின் காட்சி அதுதான். குடிலைச் சுற்றிப் பசுமை வேண்டிக் கேழ்வரகைச் சில நாள் முன்பே விதைத்து முளைக்கவிடும் வீடுகள் உண்டு. அந்த முளைப்பயிரைப் பச்சை நூலால் தைக்கலாம் என்றும் அவரே சொன்னார்.

நட்சத்திரம் ஒளிர வேண்டுமானால் பின்னணி இருட்டாக இருக்க வேண்டும். கறுப்புத் துணி கைவசம் இல்லை. அடுத்த படுக்கையில் இதய நோய்க்குச் சிகிச்சை பெற்ற கணவருக்குத் துணையாக, கல்வராயன் மலையிலிருந்து வந்த பெண்மணி ஒருவர் இருந்தார். மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்தவர், கிறிஸ்தவர் அல்லர். பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தவர், 'அண்ணே, கடுக்காய் இடிச்ச கத்தி கறுத்துப்போகும். அந்தத் தண்ணியில துணியப் போட்டா கறுக்காதா?' என்றார். நல்ல வேதியியல் அறிவு அது. கடுக்காயில் துவர்ப்புச் சத்து மிகுதி. அத்துவர்ப்பு இரும்போடு சேர்ந்தால் கருநீலம் கலந்த கறுப்பாகும். பழங்காலத்து எழுதுமை அந்த அடிப்படையில்தான் செய்யப்பட்டது. கலம்காரி ஓவியத் துணிக்கும் கடுக்காய்நீரில்தான் முதலில் பதம் ஏற்றுவார்கள். வெல்லத்திலும் இரும்பிலும் ஊறிய நீரால் அதன்மேல் கறுப்புக் கோடு வரைவார்கள். தோல் பதனிடுவோரும் கடுக்காயை அறிவார்கள். மலையில் பொறுக்கிக் கீழே விற்கப்படும் சரக்குகளில் அது முக்கியமானது.

அடுத்த முறை ஊருக்குப் போய் வந்தபோது அப்பெண்மணி துணியைத் தோய்த்தே கொண்டுவந்துவிட்டார். கொட்டையை நீக்கி இடித்த கடுக்காயை ஓரிரவு ஊறவைத்து வடிகட்டி, வெந்நீரில் அலசிய காடாவை அதில் நனைத்து உலர்த்தி, பிறகு துருப்பிடித்த ஆணிகள் ஊறிய நீரில் முக்கினாராம். சீரான கறுப்பு அன்று. ஒருபுறம் அடர்த்தி, மறுபுறம் சாம்பல், நடுவே மேகம்போல் திட்டுகள். கடையில் வாங்கிய கறுப்புத் துணியில் அந்த வானம் வந்திருக்காது. டிசம்பரில் மலையில் மஞ்சு இறங்கும் இரவு அப்படித்தான் இருக்கும் என்று அவர் சொன்னார். (வீட்டில் செய்து பார்க்க விரும்புவோர்க்கு ஒரு குறிப்பு: இரும்புநீர் கூடுதலானால் நாளடைவில் துணி இற்றுப்போகும்.)

தையற்காரர் மூன்று நாள் உழைத்தார். துணியை மேசைமீது பலகையில் குத்திவைத்தோம். ஒரு கையாலேயே தைத்தார். மஞ்சள் பட்டுத் துண்டுகள், வைக்கோலுக்குப் பழுப்பு நூல், மேய்ப்பர்களுக்குச் சட்டைத் துணி வெட்டுகள். மூன்றாம் நாள் மாலை மகளை அழைத்து, 'முடிஞ்சுது, பாரு கண்ணு' என்று காட்டினார்.

நட்சத்திரத்துக்கு வலப்புற முனைகள் மட்டுமே இருந்தன. மரியாளும் சூசையப்பரும் குழந்தையும் மேய்ப்பர் மூவரும் இரண்டு ஆடுகளும் வலது விளிம்பில் ஒருவர்மேல் ஒருவர் நெருக்கியடித்து நின்றனர். இடப்பாதி முழுவதும் வெறும் கறுப்பு வானம்.

மகள் முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. இரவு தந்தை உறங்கிய பின் வராந்தா விளக்கடியில் அமர்ந்து, எல்லாத் தையலையும் பிரித்து, நட்சத்திரத்தை நடுவில் வைத்து எட்டு முனையும் நிறைவாகத் தைத்தார். குடிலை இடப்புறம் நகர்த்தினார். தந்தையிடம் தொழில் பயின்றவர். கைநேர்த்தி அப்படியே இருந்தது. பார்ப்போர் தந்தையைப் பார்த்து நகைத்துவிடக் கூடாது என்பது மட்டுமே அவருடைய எண்ணம்.

மறுநாள் காலை நான் பார்வையிட வந்தபோது பலகையில் அந்தப் பக்கம் இருந்தது. பாராட்டினேன். இடப்புறக் கவனம் மீண்டுவிட்டது என்று மகிழ்ந்தேன். நட்சத்திரத் தேர்வை மறுபடி செய்திருக்க வேண்டும், செய்யவில்லை. கண்முன் நேராக நின்ற எட்டு முனைகளைவிட வேறு சான்று எதற்கு என்று எண்ணிவிட்டேன். 'புறக்கணிப்பு குறைந்து வருகிறது' என்று நோயேட்டில் எழுதினேன். வியாழனன்று வீட்டுக்குப் போகலாம் என்றும், சிறிது சிறிதாக மின்தையல் இயந்திரத்தில் அமரலாம் என்றும் சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனேன்.

பிழையைக் கண்டுபிடித்தவர் நோயாளியே. பிற்பகலில் செவிலியரிடம் சொல்லி என்னை அழைத்தார். பக்கத்தின் வலது விளிம்பை விரலால் தடவிக்கொண்டே, 'டாக்டரய்யா, இது என் தையல் இல்லை' என்றார். 'நாற்பது வருஷமா ஒரே இடைவெளியில ஊசி எடுக்கிறவன் நான். இது நெருக்கமா இருக்குது. யாரோ பிரிச்சுத் தைச்சிருக்காங்க.' இடப்பாதியில் என்ன இருக்கிறது என்பதை அவர் அப்போதும் பார்க்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள். வலப்புறத் தையலை மட்டும் தொட்டே கண்டுகொண்டார். மகள் அழுதுவிட்டார்.

தேர்வை அப்போதே மறுபடி செய்தேன். 54இல் 24.

அந்த நிலையில் அவர் வீடு திரும்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சாலையைக் கடக்கும்போது ஒரு பக்கத்து வண்டி அவர் கவனத்துக்கே வராது. ஓடும் இயந்திரத்தின் ஊசிக்கடியில், தமக்கு இருப்பதே நினைவில் இல்லாத இடக்கை கிடந்திருக்கும். அவருடைய மொபெட்டை மகன் ஒளித்துவைத்திருந்தது ஒன்றே நல்வாய்ப்பு. அன்பினால் ஒரு மகள் மூடிய குறையை அவசரத்தால் ஒரு மருத்துவர் காணத் தவறினார். இரண்டில் பெரிய தவறு எது என்பதில் எனக்கு ஐயமில்லை. நோயேட்டில் எழுதியதை அடித்து, தேதியிட்டு, சரியானதை எழுதினேன். வியாழக்கிழமைப் பயணம் நின்றது. கடையின் கிறிஸ்துமஸ் துணிகளைப் பக்கத்து ஊர்த் தையற்காரர் ஒருவரிடம் கொடுத்துவிட்டார்கள். அந்த வருமானம் அக்குடும்பத்துக்குச் சிறியதன்று.

இடப்புறக் கவனத்தை மீட்கும் பயிற்சிகளில் ஒன்று நங்கூரம் வைப்பது. படிக்கும் தாளின் இடது ஓரத்தில் தடித்த சிவப்புக் கோடு இடுவோம். ஒவ்வொரு வரியைத் தொடங்கும் முன்பும் அந்தச் சிவப்பைக் கண்டுபிடிக்க வேண்டும்; கண்டபின்பே வலப்புறம் நகர வேண்டும். கறுப்புத் துணி இன்னொன்றை எடுத்து, இடது விளிம்பு நெடுக ஒரு சிவப்பு நாடாவைத் தைத்தோம். கிறிஸ்துமஸ் பக்கத்துக்குச் சிவப்பு நாடா பொருந்தாமல் போகுமா? 'முதல்ல சிவப்பத் தேடு' என்பதே அறையில் மந்திரமாயிற்று. தளர்ந்த இடக்கையைத் தூக்கி நாடாவின்மேல் எடைக்கல்போல் வைத்தோம். அக்கை அங்கே இருப்பதும் கவனத்தை அப்பக்கம் இழுக்கும். மகள் தம் நாற்காலியைப் படுக்கையின் இடப்புறம் மாற்றிக்கொண்டார். நூல் கோத்துத் தருவதும், இடப்புறத்திலிருந்து பேச்சுக் கொடுப்பதுமே அவர் வேலை. ஊசியைத் தொடக்கூடாது என்று அவருக்கு நான் விதித்த கட்டளை எளிதன்று. தந்தை ஒரே இடத்தில் நான்காம் முறை குத்தும்போது கைகளைக் கட்டிக்கொண்டு சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருப்பார்.

முதல் முயற்சியில் ஐந்து முனைகள். நான்கு நாள் கழித்து ஆறு. இடையில் ஒரு நாள் ஒன்றும் நடக்கவில்லை; துணியை எறிந்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். இத்தகைய நோயாளிகள் பலர்க்கு வாரங்களிலும் மாதங்களிலும் இக்குறை தணிகிறது, சிலர்க்கு எஞ்சிவிடுகிறது. யாருக்கு எப்படி என்று முதல் வாரத்தில் எவரும் உறுதி கூற இயலாது. பண்டிகைக்கு முன்னர் அவரை அனுப்பியபோது ஏழு முனைகள் இருந்தன. இடப்பக்கம் கீழ்நோக்கிய எட்டாவது முனை சாக்குக் கோடாகவே நின்றுவிட்டது. இயந்திரம் கூடாது, வண்டி கூடாது, தெருவில் தனியே செல்லக் கூடாது என்று எழுதித் தந்தேன்.

மகள் தைத்த பக்கத்தை என்ன செய்வது என்று கேட்டபோது, அதைத் தம் பக்கத்தின் பின்புறம் வைத்துத் தைத்துவிடச் சொன்னார் அவர். புத்தகத்தைப் புரட்டுவோர் முன்புறம் ஏழு முனை நட்சத்திரத்தையும் பின்புறம் எட்டு முனை நட்சத்திரத்தையும் காணலாம்.

பொங்கல் கழிந்து மறுபரிசோதனைக்கு வந்தார். நட்சத்திரத் தேர்வில் 49. மருந்துச் சீட்டு வாங்கியபின் செவிலியர் மேசைக்குப் போய்ப் புத்தகத்தைத் திறந்தார். விரல் சிவப்பு நாடாவைத் தேடிப் பிடித்தது. அங்கிருந்து மெல்ல வலப்புறம் நகர்ந்து, எட்டாவது முனை இருக்க வேண்டிய இடத்தில் நின்றது. 'இங்க ஒண்ணு விட்டுப்போச்சே' என்றார். அதுவரை எவரும் அவரிடம் அதைச் சொல்லியிருக்கவில்லை. புறநோயாளிப் பிரிவு மூடும் நேரம் அது. செவிலியர் ஊசி எடுக்கப் போனபோது, 'வேண்டாம் தாயி, அது அப்படியே இருக்கட்டும்' என்று சொல்லிவிட்டார்.

இவ்வாண்டுப் பக்கங்களைத் தைக்க விரும்புவோர்க்குச் சில குறிப்புகள்.

நோயாளி தைத்ததைப் பிரித்துத் திருத்தாதீர்கள். கோணலும் இடைவெளியும் எங்களுக்குச் செய்தி. கை நடுக்கம், பார்வைக் குறை, மறதி ஆகிய எல்லாம் துணியில் தெரியும். உணவு, குளியல், எழுத்து ஆகியவற்றுக்கும் இது பொருந்தும்: அவரே செய்தது எவ்வளவு, நீங்கள் செய்து கொடுத்தது எவ்வளவு என்பதை எங்களிடம் பிரித்துச் சொல்லுங்கள். துணியைப் பிடிக்கலாம், நூல் கோக்கலாம், நிறம் தேர்ந்தெடுக்கக் கூட இருக்கலாம்.

நீண்டநாள் நீரிழிவு உள்ளவர்க்கு விரல்நுனி மரத்திருக்கக்கூடும். ஊசி குத்தியது தெரியாது. இரத்தம் உறையாமைக்கு மருந்து உண்போர்க்குச் சிறு குத்தும் நெடுநேரம் கசியும். இவர்களுக்கு முனை மழுங்கிய தடித்த ஊசியும், முன்பே துளையிட்ட துணியும் செவிலியரிடம் உண்டு. தைக்கவே இயலாதவர் துணியைத் தேர்ந்து, எங்கே வைப்பது என்று விரலால் காட்டினாலும் அப்பக்கம் அவருடையதே.

கடைகளில் கிடைக்கும் மின்னும் நட்சத்திரங்களையும் பாடும் அட்டைகளையும் பக்கத்தில் பதிக்காதீர்கள். அவற்றுக்குள் இருக்கும் பொத்தான் வடிவ பேட்டரியைக் குழந்தை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாய் வெந்து புண்ணாகிவிடும். வீட்டுக் குடிலிலும் இதைக் கவனியுங்கள். விழுங்கிவிட்டதாக ஐயம் எழுந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். மணிகளையும் சிறு பொத்தான்களையும் சிறு பிள்ளைகள் பிய்க்க இயலாதவாறு இறுகத் தையுங்கள்.

சாங்கிப் பெண்கள் தம் விரிப்பின் பின்புறத்தில், காயமுற்றோர்க்கு ஆறுதலோடு, இதைத் தண்ணீரில் துவைக்காமல் உலர்சலவை செய்வது நல்லது என்றும் எழுதிவைத்திருந்தனர். எனக்கு அந்த வரி மிகவும் பிடிக்கும். நம் புத்தகத்துக்கு நேர்மாறான விதி: பல கைகள் தொடுவதால் பக்கங்களை அவ்வப்போது கழற்றி வெந்நீரில் துவைக்கிறோம். ஆகவே சாயம் போகாத பருத்தித் துணியையே கொண்டுவாருங்கள். காகிதம், பசை, பஞ்சு வேண்டா. சொறிசிரங்கு, ஆறாப் புண், சளியில் காசநோய்க் கிருமி உள்ளோர் சிகிச்சை முடியும் வரை பொறுத்திருக்க வேண்டும். அவர்களுக்கான பக்கம் காத்திருக்கும்.

வெட்டிய துணிகள் செவிலியர் மேசையில் தயாராக உள்ளன. இவ்வாண்டு அவற்றை வெட்டி அனுப்பியவர் அந்தத் தையற்காரரே. மொத்தம் பதினெட்டுப் பக்கங்கள். ஒவ்வொன்றின் இடது ஓரத்திலும் சிவப்பு நாடா தைத்தே அனுப்பியிருக்கிறார்.